காஞ்சு போனவங்கதான் நாங்க

எல்லாருக்கும் வணக்கம். நடுவர் அய்யாவுக்கு ஒரு வணக்கம், எதிரணிக்கு அரை வணக்கம், கோயில் கொடைக்கு வந்து மணல்ல துண்ட விரிச்சு உக்காந்திருக்கிற சனத்துக்கு ரெண்டரை வணக்கம். அவ்வளவுதான், வணக்கத்துலயே நேரத்த தின்னுட்டா அப்புறம் மணிய அடிச்சு எறக்கி விட்டுருவாங்க.

தலைப்பு என்னன்னா, மனுஷ வாழ்க்கைக்கு பெருசா துணை நிக்கிறது மழைக்காலமா வெயில்காலமா. நான் வெயில்காலம். இதுல ஒரு விஷயத்த நானே ஒத்துக்கிடுறேன், ஏன்னா நான் சொல்லலைன்னா நடுவர் அய்யா தீர்ப்புல சொல்லி மானத்த வாங்கிருவாரு. போன தை மாசம் வேற ஒரு ஊர்ல இதே தலைப்பு, அங்க நான் மழைக்கு பேசுனேன். மழைதான் என் தாய்னு கண்ணு கலங்க பேசி ஒரு பொன்னாடை கூட வாங்கிட்டு வந்தேன். இன்னைக்கு வெயில்தான் தாய். அதனால என்ன இப்போ? பக்கத்துல திருச்செந்தூர்ல நிக்கிறவருக்கே கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேரு தாய், எனக்கு ரெண்டு இருந்தா ஆகாதா?

சரி, எதிரணித் தலைவர் அண்ணாச்சி விஷயத்துக்கு வர்றேன். நல்லா பேசுனாரு. மண்வாசனைன்னாரு, காகிதக் கப்பல்னாரு, தவளைச் சத்தம்னாரு, மழை பெய்யும்போது சன்னலோரம் உக்காந்து சூடா சுக்குக்காப்பி குடிக்கிற சுகம் சொர்க்கத்துல கூட கிடையாதுன்னாரு. எல்லாம் சரி. கடைசியில உக்காரப் போறப்ப ஒண்ணு சொல்லிட்டு போனாரு பாருங்க. "வெயில் அணியில இருக்கிற மூணு பேருமே மண்டை காஞ்சவங்க, காஞ்சு போன ஆளுங்க, அவங்க பேச்சும் காஞ்ச பேச்சாத்தான் இருக்கும், ஆனா மேடையில ஃபேன மட்டும் அவங்க பக்கமா திருப்பி வச்சிக்கிட்டாங்க." நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அந்த நீலச்சட்டைக்கார அண்ணே கூட சிரிச்சாரு, எங்க சித்தப்பா மகன் அவரு, வீட்டுக்கு வரட்டும் பேசிக்கிடுறேன்.

முதல்ல ஃபேன். அண்ணாச்சி, அந்த ஃபேன திருப்பி வச்சது ரேடியோ செட்டுக்கார தம்பி, நான் இல்ல. ஆனா திருப்பினது சரிதான். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில 648 மெகாவாட்டுக்கு சூரிய மின் நிலையம் 2016லயே வந்தாச்சு, வானம் பாத்த பூமின்னு சொன்ன ஊர் அது, மழை எட்டிப் பாக்காத ஊர்ல வெயில வச்சே கரண்ட் எடுக்கான். அப்ப இந்த ஊர்ல ஓடுற கரண்ட்ல ஒரு சொட்டாவது எங்க அணி கரண்டு. எங்க கரண்டுல ஓடுற ஃபேன் எங்க பக்கம் திரும்பாம உங்க பக்கமா திரும்பும்? உங்களுக்கு வேணும்னா மழை பெய்யிறப்ப ஓடுற ஃபேன கொண்டு வாங்க. ஆனா உங்க காலத்துல சொட்டு விழுந்த உடனே கரண்ட புடுங்கிருவான்ல, ஃபேன் எப்படி ஓடும்.

ஃபேன் முடிஞ்சுது. அடுத்து அந்த காஞ்சு போனவங்க. இத நான் லேசா விடுறதா இல்ல, நடுவர் அய்யா. நான் கொண்டு வந்த பாயிண்டு பேப்பர்ல பதினோரு பாயிண்டு இருக்கு, அத மடிச்சு பைக்குள்ள வச்சிட்டேன், இன்னைக்கு இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பேச்சு.

காஞ்சு போறதுன்னா என்னன்னு எனக்கு சொல்லிக் குடுத்தது எங்க ஆச்சி. அப்பாவோட அம்மா. பங்குனி பொறந்துட்டா போதும் அவளுக்கு கால் தரையில நிக்காது. கூழ் வத்தல் போடணும். இங்க இருக்கிற அக்காமாருக்கு தெரியும், தெரியாத பிள்ளைங்களுக்கு சொல்லுதேன், பச்சரிசிய ஊற வச்சு அரைச்சு, ஜவ்வரிசியும் சேத்து, பச்சமிளகாயும் உப்பும் அரைச்சு விட்டு, சீரகம் போட்டு, விடியக்காலம் நாலு மணிக்கு பெரிய அலுமினிய சட்டியில கிண்ட ஆரம்பிப்பா. கிண்டுறதுன்னா சும்மா இல்ல, கை விட்டுப் போகும். எறக்கினதுக்கு அப்புறம் எலுமிச்சம்பழம் பிழிவா. விடியிறதுக்குள்ள சட்டியோட மொட்டை மாடிக்கு ஏத்தி, தாத்தாவோட பழைய வேட்டிய நனைச்சு பிழிஞ்சு விரிச்சு, நாலு மூலைக்கும் செங்கல் வச்சு, கரண்டியால வட்ட வட்டமா ஊத்துவா. அந்த வேட்டி பூரா வரிசை. நூல் பிடிச்ச மாதிரி. எங்க பள்ளிக்கூடத்துல அசெம்பிளிக்கு கூட பிள்ளைங்க அவ்வளவு நேரா நின்னதில்ல, நானே டீச்சர், நானே சொல்றேன்.

இப்ப காவலுக்கு ஆள் வேணும். காக்கா வரும்ல. நான்தான் காவல். வயசு எட்டோ ஒம்போதோ, லீவு. கையில ஒரு குச்சி, பக்கத்துல கறுப்புக் குடை, அந்த குடைய விரிச்சு வச்சா காக்கா கிட்ட வராதுன்னு ஆச்சிக்கு நம்பிக்கை. நான் அந்த குடைக்கு அடியில உக்காந்திருக்கேன். மணி பதினொண்ணு. வெயில் பளீர்னு இருக்கு. வத்தல் பாத்தீங்கன்னா ஓரம் மட்டும் காஞ்சு சுருண்டு, நடுவுல இன்னும் ஈரமா, மெத்து மெத்துன்னு, புளிப்பா, உறைப்பா... அந்த அரைக்காச்சல் வத்தல தின்னவங்க இங்க எத்தன பேரு இருக்கீங்க, கைய தூக்குங்க பாப்போம். பாருங்க நடுவர் அய்யா, நீங்களே தூக்குறீங்க! பொரிச்ச வத்தல் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஒண்ணு எடுத்தேன். ஒண்ணுதானேன்னு இன்னொண்ணு. அப்புறம் கணக்கு விட்டுப்போச்சு. பாத்தா நடுவுல ரெண்டு வரிசை காணோம். ஆச்சி மேல வந்தா. வேட்டிய பாத்தா. என்ன பாத்தா. "ஏட்டி, எங்கட்டி ரெண்டு வரிசை?" நான் அழாக்குறையா சொல்லுதேன், "காக்கா ஆச்சி, கூட்டமா வந்துச்சு ஆச்சி, நான் எவ்வளவோ வெரட்டுனேன்." ஆச்சி ஒண்ணும் பேசல. குனிஞ்சு ஒரு வத்தல எடுத்தா. பாதி கடிச்சுப் போட்டது, நான் அவசரத்துல விட்டது. அத சூரியனுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு பாத்துட்டு சொல்லுதா, "ஏட்டி, காக்கா வந்தா ஓரத்துல கொத்தும். நடுவுல எறங்கி வரிசையா தின்ன காக்கா எந்த ஊரு காக்கா? அது கூட போகட்டும். காக்காவுக்கு எப்பட்டி பல்லு மொளச்சுச்சு?"

அன்னையில இருந்து எங்க தெருவுல எனக்கு பேரு பல்லு மொளச்ச காக்கா. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடியே ஆச்சி கூப்பிட்டா. எங்க வீட்டுக்காரரு இப்பவும் சண்டை வந்தா அதத்தான் சொல்லுவாரு.

இந்தக் கதைய நான் ஏன் சொன்னேன்? அண்ணாச்சிக்காக சொன்னேன். மழை பெய்யிறப்ப சன்னலோரம் உக்காந்து சுக்குக்காப்பி குடிச்சேன்னு சொன்னீங்கள்ல அண்ணாச்சி, சுக்குன்னா என்னது? இஞ்சி. இஞ்சி எப்ப சுக்கு ஆகும்? மழையில நனைஞ்சா அழுகும், வெயில்ல காஞ்சாத்தான் சுக்கு. அதுல போட்ட கருப்பட்டி எங்க இருந்து வந்துச்சு? உடன்குடி பக்கம் தேரிக்காட்டுல சித்திரை வெயில்ல பனை ஏறி எறக்குன பதநீரு, ஐப்பசியில எவனாவது பனை ஏறுவானா? மரம் வழுக்கி விட்டுரும். அதுல தட்டிப் போட்ட மல்லி? காஞ்ச மல்லி. மிளகு? காஞ்ச மிளகு. காப்பித்தூளு? காஞ்ச கொட்டைய வறுத்து அரைச்சது. ஆக அந்த டம்ளர்ல மழைக்குச் சொந்தமானது என்ன அண்ணாச்சி? சுடுதண்ணி! அதையும் சுட வைக்க விறகு காஞ்சிருக்கணும்.

வெயில் காய வச்சதெல்லாம் வரிசையா தின்னுட்டு, மழைதான் குடுத்துச்சுன்னு வந்து நிக்கீங்களே, இப்ப சொல்லுங்க, இந்த மேடையில பல்லு மொளச்ச காக்கா யாரு?

(இருங்க இருங்க, கைதட்டுனது போதும், என் நேரம் ஓடுது.)

வீட்டுக்குப் போய் அஞ்சறைப் பெட்டிய திறந்து பாருங்க. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், வத்தல், எல்லாம் காஞ்சு போன ஆளுங்க. நெல்லு கதிர்ல இருந்து வந்ததும் களத்துல காயணும், இல்லாட்டி கொள்முதல்ல ஈரப்பதம் ஜாஸ்தின்னு தள்ளி விட்டுருவான். காயாத நெல்லு முளைச்சுப் போகும். நம்ம கடற்கரைய எடுத்துக்கோங்க, ஏப்ரல் 15ல இருந்து 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன்பிடித் தடை. அந்த ரெண்டு மாசமும் குழம்புக்கு வாசம் குடுக்குறது யாரு? கருவாடு. நெத்திலியும் சாளையும் மணல்ல காஞ்சு கிடக்கும்போது மூக்க பொத்திக்கிட்டு போனவன் எல்லாம் தட்டுல விழுந்த உடனே ரெண்டு கவளம் கூட கேக்கான். மழை குடுக்கும், நான் இல்லைங்கல. ஆனா மழை குடுத்தத நாளைக்கும் இருக்கும்படி செஞ்சு தர்றது வெயில்தான். மாமியா சமைச்சு வைக்கலாம், ஆனா எடுத்து மூடி வைக்கிறது மருமகதான். மாமியா கட்சிக்காரங்க இங்க யாரும் முறைக்காதீங்க, ஒரு பேச்சுக்கு சொன்னேன்.

எதிரணியில ரெண்டாவதா பேசுன தம்பி இலக்கியத்துக்குள்ள போயிட்டாரு. வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்ததா வான்சிறப்புதான் வச்சாருன்னாரு. வச்சாரு, சரிதான். அதே வான்சிறப்புல, கெட்டுப்போக வைக்கிறதும் மழை, எடுத்து நிறுத்துறதும் மழைன்னு அவரே ஒரு குறள்ல சொல்லி வச்சிருக்காருல்ல. அத ஏன் தம்பி பாதியில விட்டீங்க? இளங்கோவடிகள் என்ன செஞ்சாரு, சிலப்பதிகாரத்த தொடங்கும்போதே மொதல்ல திங்கள போற்றுனாரு, அடுத்து ஞாயிற போற்றுனாரு, அதுக்கு அப்புறம்தான் மாமழைய போற்றுனாரு. வரிசையில நாங்க உங்களுக்கு முன்னாடி நிக்கோம். ரேஷன் கடையில நின்ன எங்களுக்கு வரிசைன்னா என்னன்னு தெரியும் தம்பி.

அப்புறம் பெரும்பொழுது ஆறுன்னாரு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். கார்லதான் தொடங்குது, அதனால மழைதான் பெருசுன்னாரு. நான் ஒண்ணு கேக்கேன். ஆவணி புரட்டாசிக்கு கார், ஐப்பசி கார்த்திகைக்கு கூதிர். பனிக்கு முன்னன்னும் பின்னன்னும் பேரு. வெயிலுக்கு மட்டும் நம்மாளு என்ன வச்சான்? இள வேனில், முது வேனில். சித்திரை வைகாசி இளசு, ஆனி ஆடி முதுசு. வயசு பாத்து பேரு வச்சிருக்கான்யா! இளங்காருன்னு வச்சானா? முதுகூதிருன்னு வச்சானா? வயசு யாருக்கு பாப்போம், வந்துட்டுப் போற விருந்தாளிக்கா பாப்போம்? வீட்டுல பொறந்து வளந்த பிள்ளைக்குத்தான் பாப்போம்.

வேனில் காலம் பாலைக்கு உரியது, பிரிவுக்கு உரியதுன்னு சொல்லி வெயில்னா சோகம்னு முடிச்சிட்டாரு தம்பி. ஏன் பிரிஞ்சான்? பொருள் தேடப் போனான். சம்பாதிக்கப் போனான்! கார்காலத்துல என்ன செஞ்சான்? வீட்டுக்கு திரும்பி வந்தான். சங்க காலத்துலயே உங்க சீசன்ல ஆம்பள வீட்டுல, எங்க சீசன்ல ஆம்பள வேலைக்கு. அக்காமாரே, எந்த சீசன் நல்ல சீசன்னு நீங்களே சொல்லுங்க.

அறிவியலா பாத்தா மழையே வெயிலோட பிள்ளைதான். இத நான் நீட்டல, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு தெரியும். கோடையில தரை கடல விட வேகமா சூடாகும், சூடான காத்து மேல ஏறும், அந்த எடத்துக்கு கடல் காத்து ஈரத்த தூக்கிக்கிட்டு ஓடி வரும், அதுதான் தென்மேற்குப் பருவமழை. வெயில் சரியா அடிக்கலைன்னா மழை சரியா பெய்யாதுன்னு எங்க ஊர்ல கேலண்டர் பாக்கத் தெரியாத கிழவி கூட சொல்லுவா. அக்கினி நட்சத்திரம் ஒழுங்கா காய்ஞ்சா கரிசல்காட்டுக்காரன் சந்தோசப்படுவான், நிலம் பாளம் பாளமா வெடிச்சா அடுத்த வெள்ளாமைக்கு நல்லதும்பான். வெடிச்ச நிலத்த பாத்து அழுறது டவுன்காரன்தான்.

அழகுன்னு சொன்னா மழைதான் அழகுன்னு ஒரு முடிவு எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருந்துச்சு, தை மாசம் வரைக்கும். ஆனா சித்திரை மாசம் காலையில எங்க பள்ளிக்கூட வேப்பமரத்துக்கு அடியில போய் நின்னு பாருங்க. ஊரே வறண்டு கிடக்கும், கம்மாய்ல சொட்டு தண்ணி இருக்காது, அந்த மரம் மட்டும் எங்க இருந்து எடுக்குன்னு தெரியாது, கொத்து கொத்தா வெள்ளையா பூத்து கொட்டியிருக்கும். கால் வைக்க மனசு வராது. சடசடன்னு இல்ல, ஒண்ணு ஒண்ணா, சுத்திக்கிட்டே எறங்கும் அந்தப் பூவு. பக்கத்துல சரக்கொன்றை ஒத்த இலை இல்லாம மஞ்சளா தொங்கும். வருஷப்பொறப்புக்கு பச்சடிக்கு அந்த வேப்பம்பூவத்தான பொறுக்குறோம். குயிலு கூவுறதும் இந்த மாசங்கள்லதான். ஒரு சொட்டு தண்ணி குடுக்காதப்ப பூக்குற மரத்த பாத்துட்டு, ஊத்தி ஊத்தி குடுத்தப்ப பச்சையா நிக்கிற மரத்த பாத்தா, எனக்கு முதல் மரத்து மேலதான் மரியாதை.

அட, அவ்வளவு தூரம் ஏன் போகணும்? இந்த மேடைய பாருங்க. வைகாசி கொடை. சீரியல் செட்டு போட்டு, வில்லுப்பாட்டு வச்சு, பட்டிமன்றம் வச்சு, நீங்க மணல்ல படுத்துக்கிட்டே கேக்கீங்க. இதே பட்டிமன்றத்த ஐப்பசி அடைமழையில போட்டிருந்தா? நடுவர் அய்யா தலைக்கு மேல தார்ப்பாய், மைக்க தொட்டா ஷாக்கு, கேக்குறதுக்கு நாலு தவளை. அதுங்க வேற அண்ணாச்சி அணி! மதுரையில அழகர் ஆத்துல எறங்குறது சித்திரையில, மார்கழியில இல்ல. உடனே தம்பி சொல்லுவாரு, அழகர் எறங்க வைகை அணையில தண்ணி திறந்து விடணும்லன்னு. ஆமா தம்பி, திறந்து விட்டாத்தான் வரும். உங்க மழை அணைக்குள்ள பூட்டிக் கிடக்கும், ஆர்டர் போட்டாத்தான் வெளிய வரும். எங்க வெயிலுக்கு எந்த இன்ஜினியரும் கையெழுத்து போட வேண்டாம்.

சிரிச்சது போதும். நான் காஞ்சு போனவங்கன்னு சொன்ன இடத்துக்கே திரும்ப வர்றேன்.

எங்க அப்பா தூத்துக்குடியில உப்பளத் தொழிலாளி. இங்க முக்காவாசிப் பேரு அதே வேலை செஞ்ச வீட்டுல இருந்து வந்தவங்கதான். தை கழிஞ்சதும் பாத்திய மிதிச்சு இறுக்கி, தண்ணிய பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி விட்டு, அது காஞ்சு காஞ்சு கெட்டியாகி, ஒரு நாள் காலையில பாத்தா மேல கண்ணாடி மாதிரி ஒரு ஆடை பிடிச்சிருக்கும். அப்புறம் உப்பு விழ ஆரம்பிக்கும். எங்க அப்பா விடியிறதுக்கு முன்னாடி டார்ச் லைட்டோட போவாரு, வெயில் ஏறுறதுக்குள்ள வாரணும்னு. வாருபலகைய இழுத்து இழுத்து உள்ளங்கை செருப்பு மாதிரி ஆயிரும். அந்தக் கையால கன்னத்த தொட்டா எங்களுக்கு உறுத்தும், நாங்க மூஞ்ச திருப்பிக்கிடுவோம். வெள்ளையா மின்னுற உப்ப பாத்து பாத்து கண்ணு போச்சு அவருக்கு. வெயில் சும்மா வந்து கொஞ்சுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சுட்டுச்சு. ஆனா சுட்டாலும் சோறு போட்டுச்சு. மழைக்காலம் வந்தா எங்க வீட்டுல அடுப்பு ஒரு வேளைதான். இன்னைக்கும் பாருங்க, அரசாங்கம் உப்பளத் தொழிலாளிக்கு 5000 ரூபா நிவாரணம்னு குடுக்குது, எந்தக் காலத்துக்கு? மழைக்காலத்துக்கு. இந்த தலைப்புக்கு அரசாங்கமே தீர்ப்பு எழுதிட்டுது நடுவர் அய்யா, நீங்க படிச்சா மட்டும் போதும்.

2023 டிசம்பர் 17. யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல மறுநாள் காலை வரைக்கும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். நம்ம மாவட்டத்துல ஒரு வருஷம் பூரா பெய்யிறத விட கூட, ஒரே நாள்ல. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலு நின்னு நூத்துக்கணக்கான சனம் உள்ள மாட்டிக்கிட்டு கிடந்துச்சு. எங்க அப்பா அம்மா இருந்த வீட்டுல இடுப்பளவு தண்ணி. ரெண்டு பேரும் மாடிப்படியில உக்காந்திருந்தாங்க, போன் இல்ல, கரண்ட் இல்ல, நான் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தும் அவங்க உசுரோட இருக்காங்களான்னு எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரியும். சேத்து வச்ச உப்பு அம்பாரம் எல்லாம் கரைஞ்சு போச்சு. கடல்ல இருந்து எடுத்தது கடலுக்கே போச்சுன்னு அப்பா சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

தண்ணி வடிஞ்சு உள்ள போய் பாத்தா பீரோ கவுந்து கிடக்கு. அம்மாவோட கல்யாணச் சேலை சகதி. என் பத்தாவது சர்டிபிகேட்டு, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கேக்கு மாதிரி இருக்கு. போட்டோ ஆல்பத்த திறந்தா தண்ணி ஒழுகுது. அப்ப நாங்க எல்லாரும் வானத்த பாத்தோம் அண்ணாச்சி. மண்வாசனைக்கு பாக்கல. எங்க தெருவே பாத்துச்சு. வெயிலு வரணும்னு.

நாலாவது நாள் வந்துச்சு. எதிர்த்த வீட்டு பாட்டி வாசல்ல நின்னு சூரியன பாத்து கைய எடுத்து கும்பிட்டா, பொங்கலுக்கு கூட அவ அப்படி கும்பிட்டு நான் பாத்ததில்ல. தெருவுல உள்ள அத்தன மொட்டை மாடியிலயும் துணி, புஸ்தகம், மெத்தை, பத்திரம். நாங்களும் மேல போனோம். அதே மொட்டை மாடி. வேட்டிய விரிச்சு நாலு மூலைக்கும் செங்கல் வச்சோம். அப்பா ஆல்பத்துல இருந்து போட்டோவ ஒண்ணு ஒண்ணா உரிச்சாரு, கிழியாம, பின்பக்கமா விரல வச்சு, ஆச்சி வத்தல உரிப்பா பாத்தீங்களா, துணிக்கு பின்னால தண்ணிய தெளிச்சு மெதுவா, அதே மாதிரி. வரிசையா அடுக்குனாரு. கண்ணு சரியா தெரியாது அவருக்கு, ஒவ்வொரு போட்டோவையும் மூக்குக்கிட்ட கொண்டு போய், இது யாரும்மா, இது யாரும்மான்னு கேட்டாரு. நான் சொல்லச் சொல்ல அந்த உறுத்துற கையால தடவித் தடவி வச்சாரு.

ஆச்சிக்குன்னு எங்க வீட்டுல இருந்தது ஒரே ஒரு போட்டோ. செத்து பதினாலு வருஷம் ஆச்சு. அது பாதி அழிஞ்சு போச்சு, நெத்தியும் கண்ணும் இல்ல, கலரு ஓடிப்போச்சு. மூக்குத்தியும், வெத்தலைக்காவி ஏறுன அந்த வாயும் மட்டும் இருக்கு. அப்பா அத நடுவுல வச்சாரு. காத்துல பறந்துராம மேல ஒரு சின்னக் கல்லு.

பதினொரு மணிக்கு எல்லாரும் கீழ சகதி அள்ளப் போயிட்டாங்க. யாராவது பாத்துக்கணும்ல, அதனால நான் இருந்தேன். ஒரு காக்கா வந்து சுவர்ல உக்காந்துச்சு, அந்த போட்டோவையே பாத்துக்கிட்டு. நான் குடைய விரிச்சு வச்சிட்டு பக்கத்துல உக்காந்துட்டேன். ஓரம் மட்டும் காஞ்சு சுருண்டுச்சு, நடுவுல இன்னும் ஈரமா இருந்துச்சு.

மணி அடிச்சாச்சு. நான் உக்காந்துக்கிடுறேன் நடுவர் அய்யா.